தொட்டபெட்டா கணக்கு நாக் டிப்பால செல்லாது

ராத்திரி 2.40. ஊட்டில ஒரு ஹோம்ஸ்டே மொட்டை மாடி. டென்டுக்குள்ள ஸ்லீப்பிங் பேக்ல முழிச்சுக் கெடக்கேன். விட்ட மூச்சு ஈரமெல்லாம் டென்ட் துணிக்கு உள்பக்கமா முத்து முத்தா கோர்த்து நிக்குது, லேசா தலைய ஆட்டினா குரங்கு குல்லா மேல சொட்டுது. நெஞ்சு, வயிறு எல்லாம் கதகதப்பா தான் இருக்கு, ஆனா தரையில படுற தோள்பட்டையும் இடுப்பு எலும்பும் மட்டும் ஐஸ்பார் மேல வெச்ச மாதிரி வலிக்குது. கையில இருந்த குட்டி தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டுச்சு. நாலு! அதுவும் ப்ளஸ்ல. ஸ்லீப்பிங் பேக் கவர்ல பெரிய எழுத்துல 0 டிகிரின்னு போட்டிருக்கு. பக்கத்து டென்ட்ல மச்சினன் நல்லா குறட்டை விட்டுத் தூங்கறான்னு பொறாமையா இருந்துச்சு, காலைல கேட்டா "எங்க மாமா தூங்குனேன், விடிய விடிய செல்லுல படம் பாத்துட்டு இருந்தேன்"ங்கறான். அப்ப குறட்டை விட்டது யாருன்னு இன்னும் தெரியல, ஹோம்ஸ்டே நாயா இருக்கலாம்.

இது டூர் இல்லீங்க, ஒத்திகை. ஜனவரி நடுவுல நானும் மச்சினனும் உத்தரகண்ட்ல நாக் டிப்பா போறோம். பையை முதுகுல மாட்டிட்டு ஏறி, பனியில ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கி, மறுநாள் உச்சிய பாத்துட்டு எறங்கறது, அவ்வளவு தான் திட்டம். ஏன் அந்த மலைன்னு கேட்டா, ரெண்டே நாள்ல முடியும், ரொம்ப உயரமும் இல்ல, 3022 மீட்டர். முசூரிக்கு அந்தாண்ட, தெஹ்ரி கட்வால் மாவட்டத்துல இருக்கு. நாக்னா பாம்பு, டிப்பான்னா குன்று. உச்சிக்குக் கொஞ்சம் கீழ நாக தேவதை கோயில் ஒண்ணு இருக்கு, ஆடு மாட்டைக் காப்பாத்தச் சொல்லி சுத்துப்பட்டு ஊர்க்காரங்க கும்பிடற சாமி. மேல வானம் தெளிவா இருந்தா பந்தர்பூஞ்ச், ஸ்வர்கரோகிணின்னு பனிச் சிகரம் எல்லாம் வரிசையா தெரியுமாம். கேதார்கண்டா தான் எல்லாரும் போறாங்க, அது 3800 மீட்டருக்கு மேல, நாலஞ்சு நாள் வேலை, பனியை இதுவரைக்கும் ஃப்ரீசர்ல மட்டுமே பாத்த ரெண்டு திருப்பூர்க்காரங்களுக்கு அது முதல் பாடமா வேண்டாம்னு விட்டுட்டோம்.

இங்கயே பழகிட்டுப் போலாமேன்னு நீங்க கேக்கலாம். எங்க போய் பழகறது? 2018 மார்ச்ல குரங்கணில காட்டுத்தீ விபத்து நடந்ததுக்கு அப்புறம் நம்ம ஊர்ல காட்டுக்குள்ள நடக்கறதுக்கே தனி விதிமுறை வந்துடுச்சு, அது வேண்டியது தான், நான் குறை சொல்லல. 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதை திறந்து விட்டாங்க, அதுல மூணு நாங்க போயிருக்கோம், அருமையா இருக்கு, ஆனா பகல் நடை தான், பொழுதோட எறங்கிடணும். காட்டுல ராத்திரி தங்கற பழக்கம் நமக்கு வர வழியில்ல. அதான் கூச்சப்படாம மொட்டை மாடில டென்ட் போட்டோம். ஹோம்ஸ்டே அக்கா ரெண்டு தடவ வந்து "உள்ள ரூம் காலியா தாங்க இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

சரி, இப்ப நான் செஞ்ச முட்டாள்தனத்தைச் சொல்றேன். முதல்ல நான் போட்ட கணக்கு இப்படி. ஆயிரம் மீட்டர் மேல போனா சுமாரா ஆறரை டிகிரி குறையும். ஊட்டி 2240 மீட்டர், அங்க ராத்திரி 4 டிகிரி. நாங்க டென்ட் போடப் போற கோயில் பக்கம் 2600 சொச்சம். வித்தியாசம் 400 மீட்டர் கூட இல்ல, ரெண்டரை டிகிரி கழிச்சா ஒண்ணரை, ரெண்டு டிகிரி. அட இவ்வளவு தானா, தொட்டபெட்டாவே 2637 இருக்கே, அதே உயரத்துல தான படுக்கப் போறோம்னு நிம்மதியா இருந்தேன். ஒரு எக்ஸெல் ஷீட்டே போட்டு மச்சினனுக்கு அனுப்பி வேற வெச்சேன்.

கூட்டல் கழித்தல் எல்லாம் சரி தான். ஆனா தொட்டபெட்டா பூமத்திய ரேகையில இருந்து பதினொண்ணரை டிகிரில இருக்கு, நாக் டிப்பா முப்பதரைல இருக்கு. அதை நான் கணக்குலயே சேக்கல. ஜனவரி நடுவுல நமக்கு மத்தியானச் சூரியன் 57 டிகிரி உயரத்துல நிக்கும், அங்க 38, 39 தான், அதாவது உச்சி வெயில் நேரத்துலயே நம்ம ஊர் சாயங்கால வெயில் மாதிரி சாஞ்சு விழும். வடக்குப் பாத்த சரிவுக்கு அந்த வெயிலும் கிடையாது. விழுந்த பனி உருகாது, பகல்ல லேசா இளகி ராத்திரி இறுகி கண்ணாடி மாதிரி ஆயிடும். ஊட்டில தலைகுந்தா பக்கம் காலைல புல்லு மேல உப்பு தூவின மாதிரி உறைபனி இருக்குமே, எட்டு மணி வெயிலுக்கு காணாம போயிடும், அதைப் பாத்து வளந்த கண்ணு நமக்கு. அங்க அது போகாது, ஒண்ணு மேல ஒண்ணா ஏறிட்டே தான் இருக்கும். இப்ப நாங்க மைனஸ் 10க்கு தயாராகறோம். அவ்வளவு போகாம இருக்கலாம், ஆனா ஸ்வெட்டர் மிச்சமானா யாரும் சாகப் போறதில்ல.

உயரக் கணக்கே இப்படி கவுத்துடுச்சுன்னா மத்ததும் அப்படித்தான இருக்கும்னு எல்லாத்தையும் திருப்பிப் போட ஆரம்பிச்சேன். நேரத்தை எடுத்துக்கோங்க. வெள்ளியங்கிரில ராத்திரி முழுக்க மூங்கில் தடியும் டார்ச்சுமா ஏறுவோம், இருட்டு நமக்கு ஒரு பிரச்சினையே இல்ல, அங்க ஆயிரம் பேர் கூட வர்றாங்க. நாக் டிப்பால நாங்க ரெண்டு பேரும் ஒரு கைடும் தான். ஜனவரில டேராடூன் பக்கம் ஏழே காலுக்கு தான் விடியுது, அஞ்சு முப்பத்தஞ்சு, நாப்பதுக்கெல்லாம் பொழுது விழுந்துடும். திருப்பூரை விட பகல் ஒரு மணி நேரத்துக்கு மேல கம்மி. நாங்க ஏற ஆரம்பிக்கற பந்த்வாரி கிராமம் 1400 மீட்டர் சுமாருக்கு இருக்கு, அங்க இருந்து கோயில் வரைக்கும் ஏழெட்டு கிலோமீட்டர், 1200 மீட்டர் ஏத்தம். நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1892ல ஒரு கணக்கு சொல்லியிருக்கார், மணிக்கு 5 கிலோமீட்டர், அதுக்கு மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கணும். அப்படிப் பாத்தா மூணரை மணி நேரம். ஆனா அது வெறுங்கையோட நல்ல பாதையில நடக்கற ஆளுக்கு. முதுகுல 13 கிலோ, காலுக்குக் கீழ பனி, தொந்திக்கு 42 வயசு, இதையெல்லாம் சேத்து ரெண்டால பெருக்கிட்டேன். ஏழு மணி நேரம். எட்டு மணிக்கு கிளம்பினா மூணு மணி, அப்புறம் டென்ட் போடணும், தண்ணி பாக்கணும், அதுக்குள்ள சூரியன் மரத்துக்குப் பின்னாடி போயிடும்.

அதனால 2 மணின்னு ஒரு கோடு போட்டிருக்கோம். ரெண்டு மணிக்கு கைடு "இன்னும் ஒரு மணி நேரம்"னு சொல்ற இடத்துல இருந்தா மேல போறது, அதுக்கு மேல ஆகும்னா அங்கயே அவர் காட்டற இடத்துல தங்கறது, இல்ல ரெண்டுல ஒருத்தருக்கு முடியலைன்னா கிராமத்துக்கே எறங்கறது. மறுநாள் உச்சிக்கு 11 மணி கோடு. இதை அங்க போய் முடிவு பண்ணிக்கலாம்னு மச்சினன் சொன்னான், நான் ஒத்துக்கல, ஏன்னா என்னைப் பத்தி எனக்குத் தெரியும், இன்னும் கொஞ்சம் தூரம் தான்னு சொல்லிட்டே நடக்கற ஆளு நான். கொல்லிமலைல ஆகாய கங்கை படியிலயே அப்படிச் சொல்லி மூணு பேரை ராத்திரி எட்டு மணிக்கு மேல ஏற வெச்சவன்.

கைடு வேணுமா வேண்டாமாங்கறதுல ஒரு வாரம் சண்டை. மச்சினன் கட்சி, ஃபோன்ல ஆஃப்லைன் மேப் இருக்கு, பாதை பிரபலமான பாதை, எதுக்கு தண்டமா காசு. சாதாரண நாள்னா நானும் அதைத் தான் சொல்லியிருப்பேன். காட்டுக்குள்ள பாதைங்கறது என்ன, பல வருஷமா ஆளும் கழுதையும் மிதிச்சு மிதிச்சு பள்ளமான ஒரு கோடு. பனி பெஞ்சா அந்தப் பள்ளம் நிரம்பிடும், அப்புறம் ரெண்டு மரத்துக்கு நடுவுல இருக்கற எல்லா இடமும் பாதை மாதிரியே தெரியும். மேப்ல நீலப் புள்ளி பாதையில இருந்து 15 மீட்டர் தள்ளி காட்டினா திருப்பூர் பஸ் ஸ்டாண்ட்ல அது ஒரு விஷயமா? சரிவுல அது விஷயம். அதுவும் போக குளிர்ல ஃபோன் 40 பர்சென்ட் காட்டிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு அணைஞ்சுடும், பேட்டரியோட குணம் அது, ஜட்டிக்குள்ள வெச்சு சூடு பண்ணினாதான் திரும்ப உயிர் வரும். கடைசில அவனோட அக்கா, அதாவது என் வீட்டம்மா, "கைடு இல்லைன்னா ரெண்டு பேரும் போக வேண்டாம்"னு ஒரே வார்த்தையில முடிச்சு வெச்சுட்டா.

பந்த்வாரில கைடு ஒருத்தர் நம்பர் போன வருஷம் போயிட்டு வந்த ஃப்ரெண்டு மூலமா கிடைச்சுது. என் இந்தி பத்தி சொல்லணும்னா, டெல்லி எக்ஸ்போர்ட் பையர்கிட்ட பேமென்ட் கேக்கற அளவுக்கு வரும், பனியைப் பத்தி பேசற அளவுக்கு வராது. "பையா, பரஃப் கித்னா ஹை?"ன்னேன். "அபி? அபி தோ குச் நஹி"ன்னார், இப்ப ஒண்ணும் இல்லையாம். ஜனவரில எவ்வளவு இருக்கும்னு கேட்டா சிரிச்சுட்டு, "கபி டக்னே தக், கபி குட்னே தக்"னார். நான் ஃபோனை வெச்சுட்டு கூகுள்ல போட்டுப் பாத்தேன், கணுக்கால் வரைக்கும் இருந்தாலும் இருக்கும், முழங்கால் வரைக்கும் இருந்தாலும் இருக்கும். அதைத் தான் மனுஷன் சிரிச்சுச் சொல்லியிருக்கார். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவுல தான் எங்க மொத்த ட்ரிப்பும் இருக்கு.

அங்க பனி வர்றதும் நம்ம மழை மாதிரி இல்ல. நமக்கு வங்கக்கடல்ல தாழ்வு நிலை, அவங்களுக்கு மத்தியத்தரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வர்ற வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ். அது வர்ற ரெண்டு நாள் மூடாக்கு போட்டு பனி கொட்டும், போனதும் வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும், ஆனா அந்தத் தெளிவான ராத்திரி தான் கடும் குளிர், மேகப் போர்வை இல்லாம தரை சூடெல்லாம் மேல போயிடும். அதனால போட்டோக்கு நல்ல நாளும் தூங்கறதுக்கு மோசமான நாளும் ஒண்ணு தான். டேராடூன் வானிலை மையம் அஞ்சு நாளைக்கு முன்னாடியே ஓரளவு சொல்லிடுது, கிளம்பறதுக்கு முன்னாடி அதையும் பாத்துட்டு கைடுக்கும் ஒரு ஃபோன் போடணும். காட்டுல தங்கறதுக்கு வனத்துறை அனுமதியையும் அவரையே விசாரிச்சு வாங்கித் தரச் சொல்லியிருக்கோம். உத்தரகண்ட் ஹைகோர்ட் 2018ல புக்யால்னு சொல்ற மேல் புல்வெளிகள்ல ராத்திரி தங்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கு, அதனால எங்க டென்ட் போடலாம் எங்க கூடாதுங்கறதை நாம ஃபோட்டோ பாத்து முடிவு பண்ண முடியாது.

இப்ப திரும்ப அந்த மொட்டை மாடிக்கு வருவோம், அந்த ஒரு ராத்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்த அளவுக்கு யூடியூப் சொல்லிக் கொடுக்கல.

முதல் விஷயம் பேக் கவர்ல இருந்த 0 டிகிரி. உள்ள தைச்சிருந்த குட்டி லேபிளை காலைல தான் படிச்சேன். கம்ஃபர்ட் 5, லிமிட் 0, எக்ஸ்ட்ரீம்னு மைனஸ்ல இன்னொரு நம்பர். கம்ஃபர்ட்ங்கறது ஒரு பொம்பளை ஆளு நிம்மதியா தூங்கற அளவு, லிமிட்ங்கறது ஒரு ஆம்பளை சுருண்டு மடங்கி எப்படியோ ராத்திரிய ஓட்டற அளவு, எக்ஸ்ட்ரீம்ங்கறது தூக்கத்தைப் பத்தின நம்பரே இல்ல, உயிரோட இருக்கறதைப் பத்தினது. நான் நடு நம்பரைப் பாத்து வாங்கிட்டேன். தப்பு என்னோடது தான். இப்ப மைனஸ் 10 கம்ஃபர்ட் உள்ள பேக் ரெண்டு டேராடூன்ல வாடகைக்குச் சொல்லி வெச்சிருக்கோம், வருஷத்துக்கு ஒரு ராத்திரிக்காக பத்தாயிரம் பன்னெண்டாயிரம் போட்டு வாங்கி திருப்பூர் வெயில்ல பீரோல வெக்கறதுல அர்த்தமில்ல.

ஆனா பேக்கை விட பெரிய விஷயம் பாய். உடம்பு அமுக்கற பக்கம் பேக்ல இருக்கற பஞ்சு நசுங்கிடும், நசுங்கின பஞ்சுல காத்து இல்ல, காத்து இல்லைன்னா சூடு நிக்காது. அதனால எவ்வளவு காஸ்ட்லி பேக் வாங்கினாலும் தரைக்கும் உனக்கும் நடுவுல பாய் ஒண்ணு தான் இருக்கு. பாய்க்கு ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் உண்டு, தரைக் குளிரை எவ்வளவு தடுக்குதுங்கற அளவு, பனி மேல படுக்கணும்னா 5 கிட்ட வேணுங்கறாங்க, நான் ஊட்டில போட்டது ஒண்ணரை. நல்ல சேதி என்னன்னா ஒண்ணு மேல ஒண்ணு போட்டா நம்பரைக் கூட்டிக்கலாம். காத்தடிக்கற பாய் 3, அதுக்கு அடியில ஃபோம் பாய் 2. காத்தடிக்கறது ஓட்டை விழுந்தாலும் ஃபோம் இருக்கும், அந்த நிம்மதியும் சேத்து.

ரெண்டாவது ஸ்டவ். காலைல பத்த வெச்சா ஊதுபத்தி மாதிரி எரியுது. டிசம்பர்ல தேங்காண்ணெய் பாட்டிலை கவுத்தா சொட்டு வராம நிக்குமே, அந்தக் கதை தான், காரணம் மட்டும் வேற. கேஸ் டப்பாக்குள்ள இருக்கற சாதா பியூட்டேன் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழ போனாலே ஆவியாகறதை நிறுத்திடும், திரவமா உள்ளயே உக்காந்திருக்கும். எரிய எரிய டப்பா தானும் குளிரும், அதனால 4 டிகிரிலயே மூச்சு வாங்குது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரைக்கும் தாங்கும், புரொப்பேன் கலந்தது இன்னும் கீழ போகும். அந்தக் கலவை டப்பா தான் வேணும், ராத்திரி அதை ஸ்லீப்பிங் பேக் கால்மாட்டுல போட்டுக்கிட்டு படுக்கணும். ஃப்ளைட்லயும் சரி ட்ரெயின்லயும் சரி கேஸ் டப்பா கொண்டு போகக் கூடாது, அதனால அதுவும் டேராடூன்ல தான். டென்டுக்குள்ள மட்டும் ஸ்டவ் பத்த வெக்கறதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கோம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சமையல்னு பெருசா ஒண்ணும் இல்ல. 2600 மீட்டர்ல தண்ணி 91 டிகிரி கிட்டயே கொதிச்சுடும், குக்கர் இல்லாம அரிசி பருப்பு எல்லாம் வேக ரொம்ப நேரம் ஆகும், கேஸ் தான் தீரும். வறுத்த ரவைல கடுகு, கறிவேப்பிலை தாளிச்சு அம்மா கவர் போட்டுத் தர்றாங்க, சுடுதண்ணி ஊத்தி மூடி வெச்சா உப்புமா. ரசப்பொடி. கடலை மிட்டாய் ஆளுக்கு பத்து. தண்ணிக்குப் பனியை உருக்கணும்னா பாத்திரத்துல முதல்ல கொஞ்சம் தண்ணி ஊத்திட்டு தான் பனிய போடணும், வெறும் பனியைப் போட்டா அடிப்புடிச்ச வாசனை வருமாம், இதை நம்பாம ஃப்ரீசர் ஐஸைச் சொரண்டி வீட்டுல பண்ணிப் பாத்தேன், உண்மை, பாத்திரம் தேய்ச்சது நான் தான். பாட்டிலை ராத்திரி தலைகீழா வெக்கணும், ஐஸ் மேல இருந்து தான் கட்டும், வாய்ப்பக்கம் கீழ இருந்தா காலைல தண்ணி வரும். மச்சினன் "குளிருக்கு ஒரு குவார்ட்டர் ரம் மட்டும் மாமா"ன்னான். தோலுக்கு ரத்தத்தை இழுத்து சூடா இருக்கற மாதிரி காட்டும், உள்சூடு வெளிய போயிடும், வேணும்னா டேராடூன்ல திரும்பி வந்து குடின்னுட்டேன். அதுவும் போக அதிகமா குளிர் ஏறினவன் நாக்கு குழறி, கை தடுமாறி, தள்ளாடி நடப்பான், அதை வெச்சு தான் ஆபத்தைக் கண்டுபிடிக்கணும், ரம்மும் உள்ள போயிருந்தா எது எதுன்னு எப்படித் தெரியும்.

துணி தான் எனக்கு மனசு வலிச்ச பகுதி. மூணு தலைமுறையா பனியன் தைக்கற ஊர்ல பொறந்துட்டு, பருத்தி வேண்டாம்னு என் வாயால சொல்றேன். வேர்வையில நனைஞ்ச காட்டன் பனியன் பனியில காயாது, ஈரத்துணிய சுத்திட்டு நிக்கற மாதிரி ஒட்டிக்கிட்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிட்டே இருக்கும். ஏறும்போது பாலியெஸ்டர் ஒண்ணு, அதுக்கு மேல லேசா ஃப்ளீஸ், நின்னா மட்டும் பெரிய ஜாக்கெட். வேர்க்காம நடக்கணும், கிளம்பும்போது லேசா குளிர்ற மாதிரியே கிளம்பணும். தூங்கறதுக்குன்னு ஒரு செட்டும் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸும் கவர்ல கட்டி வெச்சு, என்ன ஆனாலும் அதைப் போட்டு நடக்கறதில்ல. அப்பாகிட்ட இதைச் சொன்னேன், பேப்பரை எறக்கி ஒரு பார்வை பாத்துட்டு "பாலியெஸ்டரு"ன்னு மட்டும் சொன்னார்.

போற வழி கோயமுத்தூர்ல இருந்து டெல்லி வரைக்கும் ட்ரெயின், அப்புறம் டேராடூன், அங்க இருந்து முசூரி, கெம்ப்டி, யமுனா பிரிட்ஜ், நைன்பாக் வழியா பந்த்வாரி. ஜனவரி மூடுபனில வடக்க ட்ரெயின் எல்லாம் பல மணி நேரம் லேட்டாகும், அதனால டெல்லில ஒரு நாள், பந்த்வாரில ஒரு நாள் சும்மா விட்டிருக்கோம். பந்த்வாரி நாள் வானம் மூடினா உக்கார்றதுக்கும் ஆகும். வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒரு பேப்பர் ஒட்டியாச்சு: எந்த ஊர், கைடு நம்பர், எந்தத் தேதி எத்தனை மணிக்குள்ள நாங்க கூப்பிடணும், கூப்பிடலைன்னா முதல்ல கைடு வீட்டுக்கு, அப்புறம் அந்த ஊர் போலீசுக்கு. அம்மா அதைப் படிச்சுட்டு "ஊட்டி இருக்குதே கண்ணு"ன்னாங்க. ஊட்டில தான் அம்மா படுத்துப் பாத்தேன்னேன்.

இன்னும் பாக்கி நிக்கறது ஒண்ணு. டென்டுக்குள்ள அஞ்சே முக்காலுக்கு இருட்டுக்குள்ள போனா விடியறதுக்கு பதிமூணரை மணி நேரம். ஏழு மணி நேரம் தூங்கினாலும் மீதி ஆறரை மணி நேரம் ரெண்டு பேரும் முகத்தை முகத்தைப் பாத்துட்டுக் கெடக்கணும், வெளிய போக முடியாது, ஃபோன் பேட்டரி தொட முடியாது. சீட்டுக்கட்டு எடுத்துக்கலாம்னு முடிவு, 100 கிராம். கையுறையோட ரம்மி ஆட முடியுதான்னு நேத்து ராத்திரி ஏசிய 16ல வெச்சு ஆடிப் பாத்தோம், சீட்டு பிரிக்க வரல, கழுதை ஆடலாம்.

பை எடை லக்கேஜ் தராசுல 13.4 காட்டுது. அந்த ஃபோம் பாய் தான் எதுக்குள்ளயும் அடங்க மாட்டேங்குது, சுருட்டி வெளிய கட்டினா ஒரு குட்டிப் பீப்பாய் மாதிரி நிக்குது. லோயர் பெர்த்துக்கு அடியில நுழையுமான்னு ஸ்டேஷன் போய் அளந்துட்டு வர்றேன்னு மச்சினன் டேப்பை எடுத்துட்டுப் போயிருக்கான்.